தண்ணீர் குடிக்காத பயணங்கள்

பஸ்ஸில் மெட்ராஸ் போவதென்று முடிவாகிவிட்டால், அம்மா அன்று மதியச் சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாள். சாயங்காலம் காபி அரை டம்ளர். ராத்திரிக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லி இரண்டு. நாக்கு வறண்டால் ஒரு ஏலக்காயை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்வாள். ரயிலில் போவதாக இருந்தால் இந்த விரதம் கிடையாது. கூஜா நிறையத் தண்ணீர் கூடவே வரும். வண்டி கங்கைகொண்டானைத் தாண்டுவதற்குள் எங்கள் எல்லோருக்கும் ஒரு முறை ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தானும் அண்ணாந்து குடிப்பாள்.

திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் சுமார் 650 கிலோமீட்டர். 1980-களில் பஸ்ஸானாலும் ரயிலானாலும் ஓர் இரவு முழுக்கப் போய்விடும். பஸ் நல்லதா ரயில் நல்லதா என்ற பேச்சு எங்கள் வீட்டுத் திண்ணையில் அடிக்கடி நடக்கும். எது சீக்கிரம் போகும், எதில் கட்டணம் குறைவு, எதில் முதுகு பிடிக்காது என்று அப்பாவும் சித்தப்பாக்களும் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே அடுக்களையில் பெண்களுக்கு இருந்த கேள்வி வேறு. அது ஒருநாளும் திண்ணைக்கு வந்ததில்லை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். அதற்கு முன், பஸ்ஸுக்கு நான் பட்டிருக்கும் கடனைச் சொல்லிவிட வேண்டும்.

1983-இல் எனக்கு மெட்ராஸில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. திருவல்லிக்கேணியில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தேன். அன்றைக்கு ரயில் டிக்கெட் எடுப்பது பெரிய வேலை. படிவத்தை நிரப்பிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். கவுண்டருக்குள் இருப்பவர் பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, இடம் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்குள் அரை நாள் ஓடிவிடும். அதனால் ரயில் என்பது முன்கூட்டியே தெரிந்த காரியங்களுக்கான வண்டியாக இருந்தது. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கோடை விடுமுறை என்று நாள் குறித்து வருகிற எல்லாவற்றுக்கும் ரயிலில் போனோம். சொல்லாமல் வருகிற காரியத்துக்கு பஸ்தான்.

ஆச்சி இறந்த தந்தி ஒரு பிற்பகலில் அலுவலகத்துக்கு வந்தது. மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு, மாற்றுத்துணி எடுக்கக்கூட விடுதிக்குப் போகாமல் நேரே பாரிமுனைக்குப் போனேன். அப்போது வெளியூர் பஸ்களெல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். திருநெல்வேலி வண்டி நிறைந்து கிளம்பத் தயாராக நின்றது. படியில் நின்ற நடத்துனரிடம் பேச வாய் வரவில்லை; தந்தியை நீட்டினேன். வாசித்துப் பார்த்து, மடித்து என் கையிலேயே கொடுத்து, "ஏறு தாயி" என்றார். கதவோரத்தில் இருந்த தன் இருக்கையை எனக்குக் கொடுத்துவிட்டு, ஓட்டுநருக்குப் பக்கத்தில் எஞ்சின் மூடிமேல் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். நடுராத்திரிக்கு மேல் அவர் ஓட்டினார், ஓட்டியவர் வந்து அந்த மூடிமேல் உட்கார்ந்தார். நெடுந்தூர பஸ்களில் இருவருமே இரண்டு வேலையும் பார்ப்பவர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்த இரவில் சாலையை முழுசாகப் பார்த்தேன். திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர். இரண்டு பக்கமும் புளியமரங்கள். அடிமரத்தில் பூசிய வெள்ளைப் பட்டை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக எழுந்து வந்து மறையும். எதிரே லாரி வந்தால் இருவரும் விளக்கைத் தாழ்த்தி, ஒரு பக்கத்துச் சக்கரத்தை மண்ணில் இறக்கி வழிவிட்டுப் போவார்கள். கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டும்போது மட்டும் காற்று ஈரமாக உள்ளே வந்தது. விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர், மதுரை. கோவில்பட்டிக்கு வரும்போது விடிந்துவிட்டது. எங்கள் வீடு தச்சநல்லூரில், மெயின்ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. அங்கே நிறுத்தம் கிடையாது. நான் கேட்காமலேயே, "வீடு எங்கம்மா?" என்று கேட்டு, தெருமுனையில் வண்டியை நிறுத்தினார்கள். ஆச்சியை எடுக்காமல் எனக்காகக் காத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்த பஸ் இல்லாவிட்டால் பார்த்திருக்க மாட்டேன்.

அன்றைக்கு அது திருவள்ளுவர் போக்குவரத்துக் கழகம். 1980-இல் தனிக் கழகமாகத் தொடங்கி, தமிழ்நாட்டின் தூரத்து ஊர்களையெல்லாம் தலைநகரத்தோடு இணைத்தது. 1997-இல் போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்தபோது திருவள்ளுவர் பெயரும் போயிற்று. அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் என்றானது. எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னமும் திருவள்ளுவர் பஸ் என்றே சொல்கிறார்கள்.

ரயிலைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. எங்களுக்கு ரயில் என்றால் நெல்லை எக்ஸ்பிரஸ். அப்போது எல்லாம் மீட்டர்கேஜ். ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தின்மேல் ஒடுக்கமான பெட்டிகள் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டே போகும். பொழுது சாயும் நேரத்தில் ஜங்ஷனில் வண்டி நிற்கும். வழியனுப்ப வந்த கூட்டம் ஏறுகிற கூட்டத்தைவிடப் பெரிதாக இருக்கும். மணியாச்சி வரும்போது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக் கை காட்டுவார். 1911 ஜூன் 17-இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது அந்த நிலையத்தில், ரயில் பெட்டிக்குள்ளேயே என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார். அந்தக் கதை முடியும்போது கடம்பூர் வந்துவிடும். போளி வாங்குவோம். கோவில்பட்டியில் கடலைமிட்டாய், சாத்தூரில் வெள்ளரிக்காயோ காராச்சேவோ. மதுரை வருவதற்குள் கட்டுச்சோற்றைப் பிரித்துவிடுவார்கள். எதிர்ப்பலகையில் இருப்பவர்களுக்கும் ஒரு கை புளியோதரை போகும், அவர்கள் வீட்டு ஊறுகாய் இந்தப் பக்கம் வரும். மணப்பாறையில் முழித்திருந்தால் முறுக்கு.

பின்னிரவில் விழுப்புரத்தில் வண்டி வெகுநேரம் நிற்கும். அங்கே டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார எஞ்சினை மாட்டுவார்கள். மீட்டர்கேஜில் விழுப்புரம் வரைக்கும்தான் மின்கம்பி இருந்தது. எஞ்சின் வந்து சேரும்போது பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கும். அதில் விழித்துக்கொண்டு, இருட்டில் கூஜாவைத் தடவி எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டு, பெட்டியின் கோடி வரை நடந்து போய்விட்டு வந்து, மறுபடி படுத்துக்கொள்ளலாம். யாரிடமும் எதையும் கேட்க வேண்டாம். செங்கல்பட்டில் கொளவாய் ஏரி தெரியும்போது பல் தேய்க்கலாம். எழும்பூரில் இறங்கும்போது முகம் கழுவித் தலை வாரி, பூ வைத்துக்கொண்டு இறங்கலாம். பஸ்ஸிலிருந்து பாரிமுனையில் இறங்கும்போது என் முகம் எனக்கே அடையாளம் தெரியாது.

ரயிலில் பயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1956 நவம்பர் 23-ஆம் தேதி அரியலூருக்குப் பக்கத்தில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்று நாற்பது பேருக்குமேல் செத்துப்போனார்கள். அதன் பிறகுதான் லால் பகதூர் சாஸ்திரி ரயில்வே அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். அம்மா அப்போது சின்னப் பெண். எங்கள் பக்கத்து ஊர்களில் அந்தச் சாவு ரொம்ப நாள் பேசப்பட்டதாகச் சொல்வாள். அரியலூர் தாண்டும்வரை அவள் கண்ணை மூடமாட்டாள். அப்படியும் அவள் ரயிலைத்தான் கேட்பாள்.

இரவு பஸ்ஸில் இன்னொன்றும் உண்டு. விளக்கை அணைத்த பிறகு, இருக்கை இடுக்கு வழியாகப் பின்னாலிருந்து வருகிற கை. தனியாகப் போய்வந்த என் வயதுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். விடுதியில் மூத்தவர்கள் எனக்குக் கொடுத்த முதல் அறிவுரை, கைப்பையில் ஊக்கு இருக்க வேண்டும் என்பது. நல்ல நடத்துனர்கள் ஏறும்போதே பார்த்து, பெண்ணுக்குப் பக்கத்தில் பெண்ணை மாற்றி உட்கார வைத்துவிடுவார்கள். பின்னிருக்கைக்காரனை அவர்களால் என்ன செய்ய முடியும்? ரயிலிலும் இது நடக்கும்தான். ஆனால் அங்கே எழுந்து போக இடம் இருக்கிறது, சத்தம் போட்டால் திரும்பிப் பார்க்க எட்டுப் பேர் எதிரும் புதிருமாக இருக்கிறார்கள். பஸ்ஸில் எல்லோரும் முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள்.

இனி நிறுத்தத்துக்கு வருகிறேன். ராத்திரி ஒன்றோ இரண்டோ இருக்கும். பஸ் சாலையை விட்டு இறங்கி ஒரு மோட்டல் முன்னால் நிற்கும். காதைப் பிளக்கும் பாட்டு. "வண்டி பத்து நிமிஷம் நிக்கும். டீ, காபி சாப்பிடறவங்க சாப்பிடலாம்." பஸ்ஸின் பக்கவாட்டில் ஒரு பையன் படபடவென்று தட்டித் தூங்குகிறவர்களையும் எழுப்புவான். ஆண்கள் இறங்கி இருட்டில் சுவரோரமாகப் போய்விடுவார்கள். பெண்களுக்குக் கடைக்குப் பின்னால், குப்பையையும் எச்சில் இலைகளையும் தாண்டி, ஒரு கொட்டகை. வாசலில் காசு வாங்க ஆள் உண்டு. உள்ளே விளக்கு இருக்காது, இருந்தால் தண்ணீர் இருக்காது. தாழ்ப்பாள் உள்ள கதவை நான் பார்த்தது அபூர்வம். அதனால் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். முன்பின் தெரியாத பெண்கள் ஒருவருக்கொருவர் அந்தக் கதவைப் பிடித்திருக்கிறோம். "நீங்க போயிட்டு வாங்கக்கா, நா நிக்கேன்" என்று கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எனக்குக் காவல் நின்ற பெண்ணின் முகம்கூட எனக்குத் தெரியாது; இருட்டு. அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார். மாதவிலக்கு நாட்களில் இந்தப் பத்து நிமிஷம் என்னவாக இருக்கும் என்பதைப் பெண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண்கள் வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

பெண்களில் பாதிப் பேர் இறங்கவே மாட்டார்கள். ஜன்னலோரத்தில் தலையைச் சாய்த்து, தூங்குவதுபோல உட்கார்ந்திருப்பார்கள். அவர்களெல்லாம் அம்மாவைப்போல மதியத்திலிருந்து தண்ணீர் குடிக்காதவர்கள் என்று எனக்குத் தெரியும். இப்படி அடக்கி அடக்கிப் பழகியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று வரும், நாள்பட்டால் அது சிறுநீரகம் வரை ஏறும். என்னோடு விடுதியில் இருந்த ஒரு பெண் ஊருக்குப் போய்வந்தாலே காய்ச்சலில் படுப்பாள். பயண அலுப்பு என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

அப்பா போன பிறகு அம்மா என்னோடு சென்னைக்கு வந்துவிட்டாள். அதற்குள் அவளுக்குச் சர்க்கரை வந்திருந்தது. சர்க்கரைக்காரர்களால் தண்ணீர் குடிக்காமலும் இருக்க முடியாது, அடக்கவும் முடியாது. ஒரு முறை ரயிலில் இடம் கிடைக்காமல், நான்தான் சமாதானம் சொல்லி அவளை பஸ்ஸில் அழைத்துப் போனேன். மேலூருக்கு முன்னால், விடிவதற்கு நேரம் இருக்கும்போது என் கையைப் பிடித்து, "ஏட்டி, முடியலடி" என்றாள். நான் எழுந்து போய் டிரைவரிடம் சொன்னேன். "மதுரை வந்துரும்மா, அரை மணி நேரம்" என்றார். மறுபடி சொன்னேன். நிறுத்தினார். இறங்கினால் பொட்டல், மறைப்புக்கு ஒரு செடி கிடையாது. பஸ்ஸின் விளக்கு வெளிச்சம் படாத பக்கமாகக் கூட்டிப்போய், போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா உட்கார்ந்து எழுவதற்கு நேரமாயிற்று. அவளுக்கு முட்டுவலியும் உண்டு. மேலே வண்டிக்குள்ளிருந்து ஒரு குரல், "வயசானவங்கள எதுக்கு பஸ்ல கூட்டிட்டு வராங்க?" என்றது. ஒருவர்கூட அந்த ஆளுக்குப் பதில் சொல்லவில்லை. அம்மா ஏறும்போது யார் முகத்தையும் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு வந்து உட்கார்ந்தாள். மதுரையில் காபி வாங்கிக் கொடுத்தேன். வேண்டாம் என்றுவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் ஏறவில்லை. சில வருஷம் கழித்துப் பாளையங்கோட்டையில் பெரியம்மா தவறிப்போனதாக மத்தியானம் போன் வந்தது. அன்றைய ரயிலில் தட்கலும் முடிந்து காத்திருப்புப் பட்டியல் நீண்டிருந்தது. பஸ்ஸில் முன்வரிசையில் இரண்டு இடம் இருக்கிறது என்று சொன்னேன். "நா ரயில்ல அன்ரிசர்வ்டுல போயிருதேன்" என்றாள். அறுபத்தெட்டு வயது. சொன்னால் கேட்கவில்லை. எழும்பூரில் பொதுப்பெட்டி முன்னால் நின்ற வரிசையில் நானும் அவளும் நின்றோம். உள்ளே கால் வைக்க இடமில்லை. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் செய்தித்தாளை விரித்து, சுவரில் முதுகைச் சாய்த்து, திருநெல்வேலி வரைக்கும் அப்படியே வந்தாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அவளைத் தாண்டித்தான் போனார்கள். நாற்றம் தாங்க முடியவில்லை. நடுவில் தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன், நிறையக் குடித்தாள். ஒரு கதவு பக்கத்தில் இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்பதற்காக ஒரு வயதான பெண் பஸ்ஸின் மெத்தை இருக்கையை விட்டுவிட்டு இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். பஸ்ஸா ரயிலா என்ற பேச்சில் எனக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ரயிலுக்குக்கூட இந்த வசதி தானாக வந்துவிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை இல்லாமல்தான் வண்டி ஓடியது. 1909-இல் ஓக்கில் சந்திர சென் என்ற வங்காளப் பயணி, அகமத்பூர் நிலையத்தில் அவசரமாக இறங்கி ஒதுங்கியபோது கார்டு விசில் ஊதி வண்டியைக் கிளப்பிவிட்டார். சொம்பு ஒரு கையிலும் வேட்டி ஒரு கையிலுமாக ஓடி, எல்லோர் முன்னாலும் விழுந்து அவமானப்பட்டதை சாகிப்கஞ்ச் ரயில்வே அலுவலகத்துக்குக் கடிதமாக எழுதினார். கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வருவதற்கு அந்தக் கடிதம் வழிவகுத்தது என்று சொல்வார்கள். டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். அதன் தப்பும் தவறுமான ஆங்கிலத்தைச் சொல்லிச் சிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றுகிறது. தன் அவமானத்தை மறைக்காமல் எழுதி, பேர் போட்டு அனுப்பினார். பஸ்ஸில் போகும் பெண்கள் சார்பாக அப்படி ஒரு கடிதம் இன்னும் எழுதப்படவில்லை.

இன்றைக்குச் சாலை மாறிவிட்டது. புளியமரங்கள் போய் நான்கு வழியாயிற்று. பாரிமுனையிலிருந்து கோயம்பேட்டுக்குப் போன பஸ் நிலையம், 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது. ஏசி பஸ்ஸில் படுத்துக்கொண்டே போகலாம். ரயிலிலும் மீட்டர்கேஜ் போய் அகலப்பாதை வந்தது. 2023 செப்டம்பரிலிருந்து வந்தே பாரத் எட்டு மணி நேரத்துக்குள் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குக் கொண்டுவிடுகிறது. ஆனால் 60 நாள் முன்னால் பதிவு திறந்த சில நிமிஷங்களில் பண்டிகை நாள் டிக்கெட் தீர்ந்துவிடுகிறது. சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நேர்முகத் தேர்வுக்கும் ஓடுகிறவர்கள் இன்றைக்கும் பஸ் நிலையத்துக்குத்தான் வருகிறார்கள். கழிப்பறை வைத்த பஸ்களும் வந்ததுண்டு. பெரும்பாலானவற்றில் இன்னும் கிடையாது. படுக்கை வந்துவிட்டது, போர்வை வந்துவிட்டது, செல்போனுக்கு மின்சாரம் வந்துவிட்டது. என் மகள் பெங்களூரிலிருந்து இரவு பஸ்ஸில் வரும்போது சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். பஸ்கள் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பவர்கள், சாப்பாட்டு விலையைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய்ப் பெண்கள் கழிப்பறையைப் பார்க்கட்டும். விளக்கு, தண்ணீர், தாழ்ப்பாள், குப்பைக்கூடை, முட்டுவலிக்காரர்கள் உட்கார ஒரு மேற்கத்திய இருக்கை. இவை இல்லாத இடத்தில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிறுத்தம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுக்கட்டும். ஓட்டுகிறவருக்கும் அது நல்லது. பின்னிரவில் காவல்துறையினர் வண்டிகளை நிறுத்தி ஓட்டுநர்களை முகம் கழுவச் சொல்லி அனுப்புவது உயிர்களைக் காப்பதற்காகத்தான். பத்து நிமிஷத்தை இருபதாக்கினால் ஊர் ஒன்றும் ஓடிப்போய்விடாது. ரயில்வேக்கும் ஒரு வேண்டுகோள்: தென்மாவட்ட வண்டிகளில் பொதுப்பெட்டிகளைக் கூட்டுங்கள். முன்கூட்டித் தெரியாமல் கிளம்புகிறவர்களும் பயணிகள்தான்.

இதைப் படிக்கிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை இரவு பஸ்ஸில் போகும்போது, யாராவது ஒரு பெண்ணோ பெரியவரோ எழுந்து வந்து வண்டியை நிறுத்தச் சொன்னால், முணுமுணுக்காதீர்கள். டிரைவர் தயங்கினால், "நிறுத்துங்க அண்ணே" என்று நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள்.